ஆப் ஒண்ணு சொல்லுது, வானம் ஒண்ணு செய்யுது: ஃபேமிலியோட பைக் ட்ரிப் எப்படித்தான் ப்ளான் பண்றது?

கேள்வி: சார் வணக்கம். நானும் மனைவியும் ஆளுக்கு ஒரு பைக், பொண்ணுக்கு 11 வயசு, என் பின்னாடி தான் உக்காருவா. லீவு கெடச்சா மூணு நாள் ட்ரிப் போடுவோம். போன தடவை எல்லா ஆப்லயும் 70% மழைன்னு காட்டுச்சு, ரூம் கேன்சல் பண்ணி காசும் போச்சு, கடைசில ஒரு சொட்டு மழை இல்ல. அதுக்கு முந்தின தடவை வெயில்னு போட்டத நம்பி போனோம், திரும்பி வர்றப்ப மலை இறங்கும்போது செம மழை, பொண்ணு நடுங்கிட்டே வந்தா, மறுநாள் எனக்கு ஆபீஸ் வேற, நிக்கவும் முடியல. இப்ப மனைவி இனிமே கார்ல போலாம்ங்கறாங்க, பைக்குன்னா மேகத்த பாத்தாலே திரும்பிடணும்ங்கறாங்க, வீட்ல இதுக்கே சண்டை. ஆப்பை ராத்திரி பாத்தா ஒண்ணு, காலைல பாத்தா ஒண்ணு. எத சார் நம்புறது? அப்புறம் ரெண்டு பைக்கும் டயர் போட்டு ஆறு வருஷம் ஆச்சு, பட்டன் நல்லா தான் இருக்கு, மாத்தணுமா?

பதில் (பைக் டூரிங் பயிற்சியாளர்):

வணக்கம். உங்க லெட்டர்ல ஒரு வரிய போற போக்குல எழுதிட்டு தாண்டிட்டீங்க, "மறுநாள் எனக்கு ஆபீஸ் வேற, நிக்கவும் முடியல"ன்னு. உங்க பிரச்சனைல முக்கால்வாசி அங்க தான் இருக்கு, அதுக்கு வர்றேன். முதல்ல ஆப் விஷயத்த முடிச்சுக்குவோம், ஏன்னா அத சொல்லாம வேற என்ன சொன்னாலும் நீங்க கேக்க மாட்டீங்க.

எல்லா ஆப்லயும் 70% காட்டுச்சுன்னு எழுதிருக்கீங்க. அந்த எல்லா ஆப்பும் உள்ளுக்குள்ள வானிலைய கணக்கு போடுற ஒரே கம்ப்யூட்டர் மாடல்ல இருந்து டேட்டா எடுத்திருந்தா நீங்க கேட்டது ஒரே ஆளோட கருத்த தான். உலக அளவுல ரொம்ப யூஸ் ஆகுறது ரெண்டு மாடல், ஐரோப்பிய வானிலை மையத்தோட ஈசிஎம்டபிள்யூஎஃப், அமெரிக்காவோட ஜிஎஃப்எஸ். விண்டி மாதிரி ஆப்ல ரெண்டையும் மாத்தி மாத்தி பாக்கலாம். ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா ஓரளவு நம்பலாம், ஒண்ணு மழைங்குது ஒண்ணு வெயில்ங்குதுன்னா அந்த நாள் எப்படி இருக்கும்னு இப்போதைக்கு யாருக்குமே தெரியலன்னு அர்த்தம், அது தெரிஞ்சுக்கறதே பெரிய விஷயம். ராத்திரிக்கும் காலைக்கும் மாறுதுன்னு கோபப்படாதீங்க, ஜிஎஃப்எஸ் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை புதுசா கணக்கு போடும், பலூன், சாட்டிலைட், விமானம் எல்லாத்துல இருந்தும் புது அளவு வந்துட்டே இருக்கும், அதுக்கேத்த மாதிரி பதிலும் மாறும், மாறலன்னா தான் சந்தேகப்படணும்.

இன்னொண்ணு, இந்த மாடல் எல்லாம் பூமிய கட்டம் கட்டமா பிரிச்சு தான் கணக்கு போடும். ஐரோப்பிய மாடல்ல ஒரு கட்டம் சுமார் 9 கிமீ, ஜிஎஃப்எஸ்ல சுமார் 13 கிமீ. சாயங்காலம் திடீர்னு கட்டி கொட்டிட்டு போற இடி மேகம் சில கிமீ அகலம் தான் இருக்கும். கட்டத்த விட சின்ன மேகம் எந்த ரோட்டு மேல எத்தன மணிக்கு நிக்கும்னு நாலு நாள் முன்னாடி எந்த ஆப்பாலயும் சொல்ல முடியாது. 70% மழைன்னா அந்த இடத்துல, அந்த நேரத்துக்குள்ள, அளக்குற அளவுக்கு மழை பெய்ய பத்துக்கு ஏழு வாய்ப்புன்னு மட்டும் தான் அர்த்தம். எவ்ளோ நேரம், எவ்ளோ பலமாங்கறது அந்த நம்பர்லயே கெடையாது, அமெரிக்க வானிலை துறை கணக்குல 0.25 மில்லிமீட்டர் விழுந்தாலே மழை பெஞ்சதா சேத்துக்குவாங்க, அது ரோடு லேசா நனையற அளவு தான். மிச்ச பத்துக்கு மூணு உங்களுக்கு வந்துச்சு, அதுக்காக கேன்சல் பண்ணது தப்பாயிடாது. ஆனா கேன்சல் பண்ணா காசு போற மாதிரி ரூம் போட்டீங்க பாருங்க, அது தப்பு.

இங்க தான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது. ஃபேமிலியோட போறப்ப வானிலைய கரெக்டா கணிக்கணும்னு மெனக்கெடாதீங்க, கடைசி நேரத்துல மாத்தினா நஷ்டம் வராத மாதிரி ப்ளான் போடுங்க. ட்ரெய்னிங்குக்கு வர்றவங்க கிட்ட மாட்டிக்கிட்ட கதைய கேட்டா பெரும்பாலும் திரும்பி வர்ற நாள் கதையா தான் இருக்கும். போற அன்னிக்கு மழை வந்தா யாரும் அடம் புடிக்க மாட்டாங்க, லீவு கைல இருக்கு, ஓரமா நிப்பாங்க, ரூட்ட மாத்துவாங்க. திரும்பி வர்ற அன்னிக்கு அதே ஆளு, அதே பைக், ஆனா மறுநாள் ஆபீஸ், பொண்ணுக்கு ஸ்கூல், இன்னும் 180 கிமீ பாக்கி, இருட்டப் போகுது, சரி நனைஞ்சது நனைஞ்சாச்சு போயிடுவோம்னு ஒரு முடிவு எடுப்பாங்க. வானம் ரெண்டு நாளும் ஒண்ணு தான், கழுத்த நெரிக்கிறது காலண்டர்.

அதனால அடுத்த ட்ரிப்புக்கு மொதல்ல திரும்பி வர்ற நாள ப்ளான் பண்ணுங்க. மூணு நாள் லீவுன்னா ரெண்டு நாளுக்கு மட்டும் ப்ளான் போட்டு மூணாவது நாள சும்மா விட்டு வைங்க, மழை இல்லன்னா வீட்ல உக்காந்து துணி துவைச்சு செயினுக்கு எண்ணெய் போடுங்க, மழை வந்துச்சுன்னா அந்த நாள் தான் உங்கள காப்பாத்தும். தினம் ஒரு ஊர்னு ரூம் மாத்திக்கிட்டே போகாம ஒரே இடத்துல தங்கி அங்கேந்து சுத்தி பாருங்க, சாமான் ரூம்ல இருக்கும், பைக் லேசா இருக்கும், மேகம் கட்டுதுன்னா அரை மணி நேரத்துல ரூமுக்கு திரும்பிடலாம். திரும்பி வர்ற நாளோட தூரம் கம்மியா இருக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி தங்குற இடத்த தேடுங்க. ரூம் கொஞ்சம் காசு கூட ஆனாலும் கேன்சல் பண்ணா முழுசா திருப்பி தர்றதா பாத்து போடுங்க.

போற இடமும் ரெண்டு வெச்சுக்கோங்க, ஒண்ணு கெழக்கன்னா இன்னொண்ணு மேற்க, இல்லன்னா ஒண்ணு மலை ஒண்ணு சமவெளி. அஞ்சு நாள் முன்னாடி ஆப் பாத்தா மொத்தமா வாரம் எப்படின்னு ஒரு ஐடியா கிடைக்கும் அவ்ளோ தான், அத வெச்சு எதையும் கேன்சல் பண்ணாதீங்க. ரெண்டு நாள் முன்னாடி பாத்து ரெண்டுல எந்த பக்கம்னு முடிவு பண்ணுங்க. கெளம்புற அன்னிக்கு காலைல எத்தன மணிக்கு கெளம்புறதுன்னு முடிவு பண்ணுங்க. ரோட்ல ஏறிட்டா ஆப்ல வர்ற மழை கணிப்ப மறந்துட்டு ரேடார் படம் மட்டும் பாருங்க, பெட்ரோல் போட நிக்கறப்ப எல்லாம் ஒரு தடவை. ரேடார் கணிப்பு இல்ல, இப்ப எங்க பெய்யுதுங்கறத அளந்து காட்டுறது, கடைசி அரை மணி நேர படத்த ஓட்டிப் பாத்தா எந்த பக்கம் நகருதுன்னு கண்ணாலயே தெரியும், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அத விட நல்ல தகவல் கிடையாது.

மழை வந்ததும் நிக்கறதா போறதான்னு கேட்டா, அது எந்த மழைங்கறத பொறுத்து. மத்தியானம் வரைக்கும் நல்ல வெயில், புழுக்கம், அப்புறம் காலிஃப்ளவர் மாதிரி மேகம் மேல மேல ஏறுது, திடீர்னு சில்லுனு ஒரு காத்து புழுதிய கெளப்பிட்டு வருதுன்னா அது இடி மழை, இன்னும் பத்து நிமிஷத்துல உங்க மேல தான். இதுல ஒத்த மேகத்தோட ஆயுசு பொதுவா அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் தான், நல்ல கட்டடமா பாத்து ஒதுங்கி ஒரு மணி நேரம் உக்காந்தா போதும். அதுவே வானம் முழுக்க ஒரே சாம்பல் கலர், காத்து பெருசா இல்ல, சின்னதா விடாம தூறுதுன்னா அது மணிக்கணக்குல போகும், காத்திருந்து பிரயோஜனமே இல்ல, ஒண்ணு ரெயின்கோட் போட்டு மெதுவா பக்கத்து ஊர் வரைக்கும் போய் ரூம் போடணும் இல்ல கெளம்பவே கூடாது. நெறய பேர் இத தலைகீழா பண்றாங்க, தூறலுக்கு மணிக்கணக்கா நிப்பாங்க, இடி மழைல அஞ்சு நிமிஷத்துல விட்ரும்னு ஓட்டுவாங்க. இடி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல தான் கட்டும், அதனால விடிஞ்சதும் கெளம்பி ரெண்டு மணிக்குள்ள போய் சேர்ற மாதிரி வெச்சுக்கிட்டா பாதி தொல்லை இல்ல.

மின்னல் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், ரப்பர் டயர் இருக்கு ஒண்ணும் ஆகாதுங்கற பேச்ச நம்பாதீங்க. கார்ல காப்பாத்துறது டயர் இல்ல, சுத்தி இருக்குற இரும்பு பாடி, அது பைக்ல கிடையாது. மின்னல் பாத்து இடி கேக்க 30 செகண்டுக்குள்ள ஆச்சுன்னா அது சுமார் 10 கிமீக்குள்ள இருக்கு, அப்பவே ஒதுங்கிடணும், மரத்தடி வேண்டாம், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு தான் எடுக்கணும். அதே மாதிரி ரோட்ட தாண்டி தண்ணி ஓடுச்சுன்னா ஆழம் பாக்கறேன்னு எறங்காதீங்க, வேகமா ஓடுற தண்ணி 15 செமீ இருந்தாலே நின்னுட்டு இருக்குற பெரிய ஆள காலை வாரி விட்ரும்.

இப்ப உங்க பொண்ணு விஷயம். இத நீங்க ஒரே வரில எழுதிட்டீங்க, எனக்கு இது தான் கவலை.

மலைல 1000 மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும். கீழ ஊர்ல 24 டிகிரின்னு ஆப் காட்டும், நீங்க 2000 மீட்டர் மேல நிப்பீங்க, அங்க 11 தான் இருக்கும். அதுக்கு மேல காத்து. 10 டிகிரில 80 கிமீ வேகத்துல போனா வெளிய தெரியற தோலுக்கு 4 டிகிரி மாதிரி இருக்கும், இது உலர்ந்த தோலுக்கு போட்ட கணக்கு. நனைஞ்சுட்டா கதையே வேற, தண்ணி காத்த விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்ட கடத்தும். நீங்க க்ளட்ச், பிரேக், பேலன்ஸ்னு உடம்ப அசைச்சுட்டே இருக்கீங்க, பயம் வேற ஒரு சூடு குடுக்கும், பின்னாடி இருக்குற குழந்தை அசையாம உக்காந்திருக்கு. உங்க முதுகு காத்த கொஞ்சம் மறைக்கும் தான், ஆனா சின்ன உடம்புல எடைக்கு தோல் பரப்பு ஜாஸ்தி, சீக்கிரமா சூடு போயிடும். உங்களுக்கு லேசா குளிருதுன்னா அவளுக்கு நல்லாவே குளிருதுன்னு எடுத்துக்கோங்க.

நல்லா இருக்கியாமான்னு கேக்காதீங்க, ஆமாப்பான்னு தான் சொல்லுவா, ட்ரிப் நம்மளால கெட்டுடக் கூடாதுன்னு குழந்தைங்களுக்கு இருக்குற பயம் நமக்கு புரியறதில்ல. அதுக்கு பதிலா நிக்கற எடத்துல எல்லாம் க்ளவுஸ கழட்ட சொல்லி கைய தொட்டு பாருங்க, அவளோட ஜாக்கெட் ஜிப்ப அவளையே கழட்டி போட சொல்லுங்க. விரல் தடுமாறுச்சு, ஜிப்ப புடிக்க முடியலன்னா ட்ரிப் அங்க முடிஞ்சுது, அடுத்த அஞ்சு கிமீ கூட கெடையாது, உள்ள கூட்டிட்டு போய் ஈரத்த மாத்தி, சூடா குடிக்க குடுத்து உக்கார வைங்க. ஹெல்மெட்ல மாட்டி பேசிக்கிற இன்டர்காம் இருந்தா பேச்சு குடுத்துட்டே வாங்க, வளவளன்னு பேசிட்டு வந்தவ ம்ம்னு மட்டும் சொல்ல ஆரம்பிச்சாலும், உங்க இடுப்ப புடிச்ச கை தளர்ந்தாலும் நிறுத்துங்க, ஒண்ணு குளிரு இல்ல தூக்கம், ரெண்டுமே விழ வெக்கும். பேச்சு குழறி, நடுக்கம் நின்னு, ஆளு மந்தமா ஆயிட்டா அது ஆஸ்பத்திரி கேஸ், யோசிக்கவே வேணாம்.

அவளுக்கு ஒரு செட் காஞ்ச டிரஸ், சாக்ஸோட, கெட்டியான ப்ளாஸ்டிக் கவர்ல கட்டி பேக்ல மேலாக்க வைங்க, அடியில இல்ல, மழைல நின்னுட்டு மொத்த பேக்கையும் கொட்டி தேடுறவங்கள நான் நெறய பாத்துட்டேன். ரெயின்கோட் ஜாக்கெட்டுக்கு வெளிய போடுறதா வாங்குங்க, உள்ள போடுற லைனர்ல ஒடம்பு நனையாது சரி, ஆனா மேல ஜாக்கெட் தண்ணி குடிச்சு கனத்து, காத்து பட்டு ஐஸ் ஆயிடும். மேல போத்திக்கிற, காத்துல பறக்கற போன்ச்சோ மாதிரி எதுவும் பைக்ல வேண்டாம், செயின்லயோ வீல்லயோ மாட்டிச்சுன்னா அவ்ளோ தான். க்ளவுஸ சட்டை கைக்கு உள்ள விடுங்க, வெளிய இல்ல, இல்லன்னா கைய வழிஞ்சு வர்ற தண்ணி நேரா க்ளவுஸுக்குள்ள எறங்கும். அப்புறம் மழை வர்றதுக்கு முன்னாடியே நின்னு போட்டுக்கோங்க, பாதி நனைஞ்சப்புறம் ரெயின்கோட் போடுறது ஈரத்த உள்ள பூட்டி வெக்கிறதுக்கு தான்.

ஓட்டுறத பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல, உங்களுக்கே தெரியும். மழை ஆரம்பிச்ச முதல் பத்து இருவது நிமிஷம் தான் மோசம், ரோட்டுல படிஞ்ச எண்ணெய், புழுதி எல்லாம் மேல மிதக்கும். வெள்ளக்கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, சாக்கடை மூடி இதெல்லாம் நேரா தாண்டுங்க, சாய்ச்சு தாண்டாதீங்க. 60 கிமீ வேகத்துல காஞ்ச ரோட்ல பிரேக் புடிச்சதுல இருந்து 20 மீட்டர்ல நிக்கிற பைக் ஈரத்துல 30 மீட்டருக்கு மேல போகும், அதனால முன்னாடி வண்டிக்கும் உங்களுக்கும் காயற நாள்ல 2 செகண்ட் விட்டா மழைல 4 செகண்ட் விடுங்க. மழைல உங்க மனைவிய முன்னாடி விடுங்க, அவங்களுக்கு வசதியான வேகத்துல அவங்க போகட்டும், நீங்க பின்னாடி வாங்க. நீங்க முன்னாடி போனா உங்கள புடிக்கணும்னு அவங்க வேகத்த தாண்டி ஓட்டுவாங்க, நீங்க மெதுவா தான் போறேன்னு நெனச்சாலும்.

வெயில பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் ஒரு வார்த்தை. 35 டிகிரிக்கு மேல போயிட்டா காத்து பட்டா குளிரும்ங்கறது வேலை செய்யாது, அந்த காத்து ஒடம்ப சூடு தான் பண்ணும், ஜாக்கெட்ட கழட்டினா இன்னும் மோசம், டீ ஷர்ட்ட நனைச்சு மேல ஜாக்கெட் போட்டு ஓட்டுங்க, அடிக்கடி தண்ணி.

சண்டைக்கு வருவோம். மேகத்த பாத்தாலே திரும்பணும்ங்கறாங்கன்னு குறை மாதிரி எழுதிருக்கீங்க, பொண்ணு நடுங்கினத பாத்த அம்மா வேற எப்படி பேசுவாங்க? அவங்க கிட்ட கணக்கு இல்ல, உங்க கிட்டயும் இல்ல, அதனால தான் ஒவ்வொரு மேகத்துக்கும் புதுசா பஞ்சாயத்து. வீட்லயே உக்காந்து, காஞ்ச ட்ரெஸ்ல, மூணு பேரும் பேசி முடிவு பண்ணிடுங்க. இடி கேட்டா நிக்கறோம், இருட்டினப்புறம் ஈர ரோட்ல ஓட்டுறதில்ல, காத்து வண்டிய தள்ளுதுன்னு அவங்க சொன்னா ஓரம் கட்டுறோம், பொண்ணுக்கு கை வெறச்சா அன்னிக்கு ஓட்டம் முடிஞ்சுது, இப்படி. மூணு பேர்ல யாரு நிறுத்துன்னு சொன்னாலும் நிறுத்தணும், காரணம் கேக்கக் கூடாது, ஆனா தொடர்ந்து போலாம்ங்கறதுக்கு மூணு பேரும் சரின்னு சொல்லணும். பொண்ணுக்கும் அந்த ஓட்டு உண்டுன்னு அவ கிட்ட தெளிவா சொல்லுங்க. இது எழுதி வெச்சாச்சுன்னா மேகம் மட்டும் பாத்து திரும்பணும்னு அவங்களும் சொல்ல மாட்டாங்க, அனுபவத்துல சொல்றேன்.

காரும் தப்பில்ல. மொத்தமா மாற வேணாம், மலையும் மழை சீசனும் சேர்ற ட்ரிப்புக்கு காரு, மத்ததுக்கு பைக்குன்னு வெச்சுக்கோங்க. போன எடத்துல வானம் மோசமாயிடுச்சுன்னா அம்மாவும் பொண்ணும் பஸ்லயோ ட்ரெயின்லயோ வரட்டும், ஒரு பைக்க தங்கின எடத்துலயே விட்டுட்டு அப்புறமா போய் எடுத்துக்கலாம். அது தோத்த மாதிரின்னு உங்களுக்கு தோணும், ஆனா அந்த வழி இருக்குன்னு முன்கூட்டியே பஸ் டைம் பாத்து வெச்சிருந்தா ஓட்டியே ஆகணும்ங்கற நெருக்கடி உங்க தலைல இருக்காது.

டயர். மாத்துங்க. பட்டன் இருக்குறது தண்ணிய வெளிய தள்ள, ஆனா ஈரத்துல புடிக்கிறது ரப்பர், அது வருஷம் ஆக ஆக கெட்டியாகும், பாக்க புதுசு மாதிரியே இருக்கும். பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. நீங்க வாங்கி ஆறு வருஷம்னா செஞ்சு அதுக்கு மேலயும் ஆகியிருக்கலாம், புதுசு வாங்குறப்பவும் இத பாத்து வாங்குங்க. ட்ரிப்புக்கு முந்தின நாள் மட்டும் மாத்திடாதீங்க, புது டயர் மேல இருக்குற வழவழப்பு போக 150 கிமீ மாதிரி ஓடணும், அத வீட்டு பக்கத்துலயே காஞ்ச ரோட்ல, பின்னாடி ஆள் இல்லாம, மெதுவா ஓட்டி முடிச்சுட்டு கெளம்புங்க.